தெற்குச் சுவரே கணப்பு அடுப்பு! லடாக்கில் வெயிலைச் சேமித்து வைக்கும் வீடுகள்

டில்லியில் வாடகைக்கு வீடு தேடும் தமிழ்க் குடும்பத்தின் முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பது. இரண்டாவது கேள்வி தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது. ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தால் மூன்றாவதாக ஒரு கேள்வி வரும்: "வாசல் எந்தப் பக்கம்?" தெற்கு என்று பதில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். கரோல்பாகிலும் ஆர்.கே.புரத்திலும் இதற்காகவே நல்ல வீட்டை விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு.

டில்லிக்கு வடக்கே, இமயமலைக்கு அப்பால் உள்ள லே நகரில் இந்தக் கதை செல்லாது. அங்கே வீட்டின் முகம் தெற்கே இருக்கவேண்டும். ஜன்னல்கள் தெற்கே இருக்கவேண்டும். இப்போது அதற்கும் ஒருபடி மேலே போய், தெற்குச் சுவரையே கணப்பு அடுப்பாக்கியிருக்கிறார்கள். அந்த அடுப்புக்கு விறகு வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது அந்தச் சுவர்.

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உயரம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 10 சென்டிமீட்டர் அளவுதான். ஆகவே வானம் பெரும்பாலும் நிர்மலமாக இருக்கும். ஆண்டில் 300 நாட்களுக்குக் குறையாமல் வெயில் அடிக்கும். ஆனால் ஜனவரி மாத இரவில் குளிர் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழேயும் இறங்குவதுண்டு. வெயிலில் நிற்பவருக்கு முகம் பொசுங்கும். இரண்டடி தள்ளி நிழலில் வைத்த வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கும். காற்று மெலிந்திருப்பதால் வெயில் உறைப்பாக வந்து சேருகிறது. அதே காரணத்தால் பொழுது சாய்ந்ததும் தரையின் சூடு தங்காமல் வானத்தில் போய்விடுகிறது. வெயிலுக்குக் குறைவில்லாத அந்த ஊரில் அதை ராத்திரி வரை பிடித்து வைக்க வழியில்லை என்பதுதான் குறை.

புகாரியும் புகையும்

லடாக்கில் மரம் அரிது. ஆற்றோரத்து வில்லோவும் பாப்ளாரும் வீட்டுக்கூரை போடவே போதாது. ஆகவே குளிர்காலத்தில் எரிப்பதற்கு யாக், பசு ஆகியவற்றின் சாண வறட்டிதான் பரம்பரை வழக்கம். கோடைக்காலம் முழுவதும் பெண்களும் சிறுவர்களும் மேய்ச்சல் நிலங்களில் சாணம் பொறுக்கிக் கூடை கூடையாகச் சுமந்து வந்து காயவைப்பார்கள். கீழ்த்தளத்தில் ஆடுமாடு, மேலே மனிதர்கள் என்று வீடு கட்டியதும் குளிருக்காகத்தான். பனிக்காலத்தில் குடும்பம் முழுவதும் நடு அடுக்களையைச் சுற்றியே முடங்கும். ஜன்னலைத் திறக்க முடியாது. புகை போக வழியில்லை. பெண்களுக்கு இருமலும் நெஞ்சுச் சளியும் வாடிக்கை.

பின்னர் மண்ணெண்ணெய் வந்தது. 'புகாரி' என்ற தகர அடுப்பும் வந்தது. பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே போதும், அதன் வாடை மூக்கில் ஏறும். மூடிய அறையில் புகாரியை எரியவிட்டுத் தூங்கினால் கரியமில வாயுவைவிடக் கொடிய கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரையே வாங்கிவிடும். எரிபொருளும் சுலபமாக வருவதல்ல. ரயில் தண்டவாளம் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கையே 2025 ஜூனில்தான் நாட்டின் மற்றப் பகுதிகளுடன் இணைத்தது. ஸ்ரீநகரிலிருந்து லேவுக்குச் சாலை வழியாக இன்னும் 400 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். நடுவில் 3,500 மீட்டர் உயரத்தில் ஜோஜிலா கணவாய். பனி கொட்டினால் அது மூடிவிடும். ஆகவே பனிக்காலத்துக்கு வேண்டிய எண்ணெயைக் கோடையிலேயே லாரி லாரியாக ஏற்றிச் சேமிக்கிறார்கள். மலையேறும் லாரி தான் குடிக்கும் டீசலுக்கும் சேர்த்தே கணக்குப் பார்க்கவேண்டும்.

இந்தக் குளிரில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 2020 ஜூன் 15 அன்று கல்வான் மோதலில் வீரமரணம் அடைந்தவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் கே.பழனியும் ஒருவர். அந்த எல்லையில் பனிக்காலம் கழிக்கும் தமிழ் ஜவான்களின் வீட்டார் டில்லியிலும் இருக்கிறார்கள், ஊரிலும் இருக்கிறார்கள். "அங்கே குளிருக்கு என்னப்பா செய்கிறீர்கள்?" என்பதுதான் தொலைபேசியில் அம்மாக்கள் கேட்கும் கேள்வி.

சுவர் எப்படிச் சூடாகிறது?

வெயிலில் யார்டில் நிற்கும் ரயில் பெட்டியை நினைத்துக்கொள்ளலாம். கண்ணாடி ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் உள்ளிருந்து அனல் அடிக்கும். வெயில் கண்ணாடி வழியாகத் தாராளமாக உள்ளே போய்விடுகிறது. உள்ளே இருக்கும் பொருள்கள் சூடேறி வெளியிடும் வெப்பக்கதிர் வேறு வகை. அது கண்ணாடியைத் தாண்டி வெளியே போகாது. சூடான காற்றும் வெளியேற முடியாமல் அடைபட்டுவிடுகிறது.

இதே வித்தைதான் சுவரிலும். தெற்குப் பக்கத்தில் கனமான மண்சுவரோ கல்சுவரோ எழுப்பி, வெளிப்புறத்தில் கருப்பு வர்ணம் பூசுகிறார்கள். அதற்கு நாலைந்து அங்குலம் முன்னால், மரச்சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடியோ இரட்டைக் கண்ணாடியோ பொருத்துகிறார்கள். கருப்புச் சுவர் வெயிலைக் குடித்துச் சூடாகிறது. அந்தச் சூடு மெதுவாகச் சுவருக்குள் நடந்து, பல மணி நேரம் கழித்து உள்பக்கத்துக்கு வந்து சேருகிறது. இது ஒரு வழி.

இன்னொரு வழியும் உண்டு. சுவரின் அடியிலும் தலையிலும் சிறு துளைகள் விடுவார்கள். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே சூடான காற்று மேலே எழும்பி, மேல் துளை வழியாக அறைக்குள் பாயும். அறையின் தரையோரத்துக் குளிர்காற்று கீழ்த்துளை வழியாக உள்ளே இழுக்கப்படும். விசிறியில்லாமல், மோட்டாரில்லாமல் காற்று தானே சுற்றும்.

மின்சாரம் தரும் சோலார் பலகைகளை நாம் எங்கும் பார்க்கிறோம். இது அந்த வகையல்ல. வெயிலை மின்சாரமாக மாற்றுவதே இல்லை. வெப்பத்தை வெப்பமாகவே பிடித்து வைக்கிறது. தெளிந்த வானத்தில் சூரியனுக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1,000 வாட் விழுகிறது. ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூடு அது. பத்து சதுர மீட்டர் சுவருக்குக் கணக்குப் போட்டால் உச்சிவேளையில் எட்டு இஸ்திரிப் பெட்டிகளாவது வேலை செய்கின்றன. அத்தனையும் அறைக்குள் வந்து சேராது; கண்ணாடி வழியாகத் திரும்பிப் போவதும் உண்டு. வந்து சேரும் பங்குக்கு எண்ணெய்ச் செலவு இல்லை.

சங்கு பொறுக்கியவரின் யோசனை

இதை முதலில் பதிவு செய்தவர் கட்டடக்காரர் அல்ல என்பது வேடிக்கை. அமெரிக்காவின் எட்வர்ட் மோர்ஸ் என்பவர் சங்கு, சிப்பி வகைகளை ஆராய்ந்த உயிரியல் அறிஞர். ஜப்பானில் பழங்கால மனிதர்கள் தின்று எறிந்த சிப்பி மேடுகளைக் கண்டு சொன்னவர். 1881-ல் இவர் ஒரு காப்புரிமை வாங்கினார். வீட்டின் வெயில் படும் வெளிச்சுவரில் கண்ணாடி மூடிய பெட்டி. அதற்குள் கருப்புப் பலகைக்கல். மேலும் கீழும் காற்றுத் துளைகள். இன்றைய சுவரின் ஜாதகம் அத்தனையும் அதில் இருந்தது. நிலக்கரி மலிந்திருந்த அந்தக் காலத்தில் யாரும் அதைச் சீந்தவில்லை.

எண்பது வருஷத்துக்கு மேல் கழித்துப் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி பெலிக்ஸ் துரோம்பும் கட்டடக் கலைஞர் ஜாக் மிஷேலும் சேர்ந்து பிரனீஸ் மலையில் ஓடெய்யோ என்ற ஊரில் 1967-ல் இப்படி ஒரு வீட்டைக் கட்டினார்கள். இரண்டடி கனக் காங்கிரீட் சுவர், கருப்பு வர்ணம், முன்னால் இரட்டைக் கண்ணாடி. அன்றிலிருந்து உலகம் முழுவதும் இதற்குத் 'துரோம்ப் சுவர்' என்று பெயர். 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோதுதான் பெரிய நாடுகள் இதைத் திரும்பிப் பார்த்தன.

லடாக்குக்கு இது வந்தது 1970-களின் கடைசியில். 1974-ல் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்ட லடாக்குக்கு, அடுத்த ஆண்டே ஸ்வீடன் நாட்டு மொழியியல் பெண்மணி ஹெலினா நார்பெர்க்-ஹாட்ஜ் போய்ச் சேர்ந்தார். உள்ளூர் மண்ணையும் உள்ளூர்க் கொத்தனாரையும் வைத்தே இந்தச் சுவரைக் கட்டிக் காட்டும் முயற்சிக்கு அவரே வழி செய்தார். 1983-ல் லடாக் சூழலியல் வளர்ச்சிக் குழு அமைந்தது. 1986-ல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹூட் பரிசு இந்தப் பணிக்குக் கிடைத்தது. பின்னர் ஜெரஸ் என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து பல கிராமங்களில் வீடுகளை இவ்விதம் மாற்றிக் கட்ட உதவின.

லடாக்கியருக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. பழைய பெரிய வீடுகளில் தெற்கே மரவேலைப்பாடு மிகுந்த 'ரப்சல்' என்ற மாட ஜன்னல் உண்டு. குளிர்காலப் பகலில் பாட்டிமார்கள் அங்கேதான் உட்கார்ந்து ஜபமாலை உருட்டுவார்கள். வெயிலின் அருமை தெரிந்த ஜனங்கள்.

சூரியன் நிற்கும் உயரம்

சூடு வேண்டுமானால் கூரையில் அல்லவா பிடிக்கவேண்டும், சுவரில் எதற்கு? நியாயமான கேள்வி. பதில் சூரியன் போகும் பாதையில் இருக்கிறது.

லே 34-வது வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 22 அன்று நண்பகலில்கூடச் சூரியன் அங்கே அடிவானத்திலிருந்து 32 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். அப்படித் தாழ்ந்து வரும் வெயில், செங்குத்தாக நிற்கும் தெற்குச் சுவரில் நெஞ்சுக்கு நேராக விழுகிறது. நேர்வெயிலில் 84 சதவீதம் சுவருக்குக் கிடைக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் 79 டிகிரிக்கு ஏறிவிடும். வெயில் சுவரை உரசிக்கொண்டு கீழே போய்விடும். 19 சதவீதம்தான் படும். ஒரு சிறிய சன்ஷேடு வைத்தால் அதுவும் படாது. சூடு வேண்டிய மாதத்தில் வாங்கிக்கொண்டு, வேண்டாத மாதத்தில் தானாகவே ஒதுங்கிக்கொள்கிற சாதனம் இது. கூரையில் படுக்கவைத்த பலகை இதற்கு நேர்மாறு. கோடையில் கொட்டிக்கொடுக்கும், குளிரில் கையை விரிக்கும்.

தரையில் பனி படர்ந்திருந்தால் அதிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சமும் சுவருக்கு உபரி வரும்படி.

எத்தனை மணிக்குச் சூடு வேண்டும்?

இந்தச் சுவரைத் திட்டமிடுகிறவர் முதலில் கேட்கவேண்டியது இந்த அறையில் எத்தனை மணிக்குச் சூடு வேண்டும் என்பதை. எவ்வளவு சூடு என்பது அதற்கு அடுத்த கேள்வி. பலர் இதை யோசிப்பதே இல்லை.

வெப்பம் கல், மண் சுவருக்குள் சுமாராக மணிக்கு ஓர் அங்குலம் நடக்கும் என்பது கட்டடக்காரர்களின் கைக்கணக்கு. எட்டு அங்குலச் சுவரில் நண்பகலில் ஏறிய சூடு இரவு 8 மணிக்கு உள்ளே எட்டிப்பார்க்கும். பன்னிரண்டு அங்குலமானால் நள்ளிரவு. அதற்கும் மேலே தடிமனாக்கினால் சூடு வந்து சேருவதற்குள் பொழுது விடிந்துவிடும். வருகிற சூடும் நீர்த்துப்போகும். மெல்லிய சுவரானால் சாயங்காலமே எல்லாம் கொட்டித் தீர்ந்து, விடியற்காலையில் பல் கிட்டும். ஆகவே சுடாத மண்செங்கல் என்றால் 8 முதல் 12 அங்குலம், சுட்ட செங்கல் என்றால் 10 முதல் 14 அங்குலம், காங்கிரீட் என்றால் 12 முதல் 18 அங்குலம் என்று ஓர் அளவு ஏற்பட்டிருக்கிறது. மண்ணில் வெப்பம் மந்தமாக நடக்கும், காங்கிரீட்டில் வேகமாக நடக்கும் என்பதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம். ஏழை வீட்டு மண்சுவர் இந்த வேலைக்குக் காங்கிரீட்டைவிடக் குறைந்த கனத்தில் போதுமானதாகிறது.

லேவுக்கு அருகே ஷே கிராமத்தில் 2001-ல் திறக்கப்பட்ட துருக் பள்ளிக்கூடம் இதற்கு நல்ல உதாரணம். 2009-ல் வந்த 'திரீ இடியட்ஸ்' இந்திப் படத்தில் வருகிற பள்ளிக்கூடம் என்றால் பலருக்கும் புரியும். லண்டன் ஆரூப் நிறுவனத்துக் கட்டடக்காரர்கள் வகுப்பறைகளை நேர்த்தெற்கே நிறுத்தவில்லை. 30 டிகிரி கிழக்கே திருப்பி, பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். காரணம், பிள்ளைகள் காலையில் வகுப்புக்கு வரும்போதே அறை சூடாக இருக்கவேண்டும். சாயங்காலத்துக்குப் பிறகு அங்கே ஆள் கிடையாது, சேமிப்பு தேவையில்லை. மாணவர் விடுதியை நேர்த்தெற்கே பார்க்கவைத்துத் துரோம்ப் சுவர் எழுப்பினார்கள். பிள்ளைகள் இரவில் தூங்குவது அங்கேதான். ஒரே வளாகம், ஒரே வெயில், இரண்டு வேறு சுவர்கள்.

அளவுக்கும் கணக்கு இருக்கிறது. கடுங்குளிர் ஊரில் தரைப்பரப்பு ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ அரை முதல் ஒரு சதுர அடி வரை இரட்டைக் கண்ணாடிச் சுவர் வேண்டும். 12-க்கு 10 அடி அறை என்றால் 120 சதுர அடி. அதன் தெற்குச் சுவர் 12 அடி நீளம், 8 அடி உயரம். 96 சதுர அடி. ஆக, சுவர் முழுவதையும் இதற்கே கொடுத்தால்தான் கணக்குச் சரியாகிறது. அப்படிக் கொடுத்தால் அந்தப் பக்கம் ஜன்னல் வைக்க இடமில்லை. பகலில் அறை இருட்டு. ஆகவே படுக்கையறைக்குச் சுவர், பகலில் புழங்கும் அறைக்குப் பெரிய ஜன்னல், வசதியிருந்தால் முன்னால் ஒரு கண்ணாடி அறை என்று கலந்து வைப்பதே லடாக்கில் வழக்கமாகியிருக்கிறது.

கதவு திறந்து மூட ஆள் வேண்டும்

காற்றுத் துளைகள் விஷயத்தில் கட்டடக்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. நூறு சதுர அடி சுவருக்கு மேல்வரிசையில் ஒரு சதுர அடி, கீழ்வரிசையில் ஒரு சதுர அடி துளை என்பது ஒரு கட்சியின் விதி. காலையில் அறை சீக்கிரம் சூடாவதற்கு அது உதவும். ஆனால் இரவில் மூட மறந்தால் வினை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் காற்று குளிர்ந்து கனத்து, கீழ்த்துளை வழியாக அறைக்குள் வழியும். அறையின் சூடான காற்று மேல்துளை வழியாக வெளியே போய்க் குளிர்ந்து திரும்பும். பகலெல்லாம் சேர்த்ததை ராத்திரி தானே வாரி இறைக்கும் சுவர்! இதற்காக மேல்துளையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிடுவார்கள். காற்று சரியான திசையில் வந்தால் தாள் விலகும். எதிர்த்திசையில் வந்தால் துளையில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். ஓர் ஒற்றைத்தாள் காவல்காரன்.

மறுகட்சி, துளையே வேண்டாம் என்கிறது. துளை வழியாகத் தூசி புகுந்து கண்ணாடியின் உள்பக்கம் படியும். அதைத் துடைக்கக் கை போகாது. லடாக் போன்ற புழுதிக்காட்டில் இந்தக் கட்சிக்கே பலம் அதிகம் என்று தோன்றுகிறது. துளையில்லாத சுவர் மந்தமாக வேலை செய்தாலும் யாரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

கட்டியவர் சரியாகக் கட்டினாலும் குடியிருப்பவர் கெடுத்துவிடுவதும் உண்டு. சூடு வந்து சேருகிற உள்சுவரின் மேல் கம்பளத்தைத் தொங்கவிடுவது, பீரோவை ஒட்டி நிறுத்துவது, அலமாரி அடிப்பது எல்லாம் அடுப்பின் மேல் மூடி போடுவதற்குச் சமம். அந்தச் சுவர் வெறுமையாக இருக்கவேண்டும். கட்டிலை அதன் பக்கமாகப் போடலாம். கண்ணாடி விளிம்பில் புட்டி உதிர்ந்து இடுக்கு விழுந்தால் உடனே அடைக்கவேண்டும். ராத்திரியில் கண்ணாடிக்கு மேலே கனத்த திரை இறக்கினால் சூடு இன்னும் தங்கும்.

இத்தனையும் செய்துவிட்டு மற்ற மூன்று சுவர்களையும் கூரையையும் கவனிக்காமல் விட்டால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். லடாக்கில் நல்ல வேலை நடந்த இடங்களில் வடக்கு, கிழக்கு, மேற்குச் சுவர்களை இரட்டையாக எழுப்பி, நடுவில் வைக்கோல், மரத்தூள், இழைப்புளிச் சீவல் ஆகியவற்றைத் திணித்திருக்கிறார்கள். கூரைக்கும் இதே வைத்தியம். செலவில் இதுதான் கண்ணுக்குத் தெரியாத பங்கு. காசு குறையும்போது ஜனங்கள் முதலில் கைவைப்பதும் இதில்தான்.

பரீட்சையில் தோற்றவர்கள் கட்டிய வீடு

சிந்து நதிக்கரையில் பே என்ற இடத்தில் செக்மால் என்ற அமைப்பின் வளாகம் இருக்கிறது. 1988-ல் சோனம் வாங்சுக்கும் அவர் நண்பர்களும் தொடங்கியது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் தோற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் அது. அந்தப் பிள்ளைகளும் மண் சுமந்து, இடித்துக் கெட்டித்து, சுவர் எழுப்பக் கைகொடுத்தார்கள். பனிக்காலத்தில் தெற்கு முகப்பில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் கண்ணாடி அறைபோலச் செய்துவிடுகிறார்கள். வசந்தம் வந்ததும் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். வெளியே நீர் உறையும்போதும் உள்ளே பிள்ளைகள் கணப்பு இல்லாமல் பாடம் படிக்கிறார்கள். 2016-ல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த மண் கட்டடக்கலை மாநாட்டில் இந்தக் கட்டடத்துக்குச் சர்வதேசப் பரிசு கிடைத்தது. வாங்சுக்குக்கு 2018-ல் மக்சேசே விருது கிடைத்தது.

2021 பிப்ரவரியில் அவர் ராணுவத்துக்காக ஒரு கூடாரத்தைச் செய்து காட்டினார். பத்துப் பேர் தங்கலாம். எந்தப் பாகமும் 30 கிலோவுக்கு மேல் இல்லை. ஆள் சுமந்தே மலையேற்றிவிடலாம். முன்னறை வெயிலைப் பிடிக்கும். பின்னறை தூங்குவதற்கு. இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைத் தேக்கும் தடுப்பு. இரவு 10 மணிக்கு வெளியே மைனஸ் 14 டிகிரி, உள்ளே பிளஸ் 15 டிகிரி என்று அவர் அப்போது அறிவித்தார். சுவர் என்ற தத்துவம் தோளில் தூக்கிச் செல்லும் சாமானாகிவிட்டது.

தண்ணீரைக் கொண்டும் சுவர் கட்டலாம். ஒரே கன அளவில் மண்ணைப்போல இருமடங்குக்கு மேல் வெப்பத்தைத் தேக்கக்கூடியது தண்ணீர். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஸ்டீவ் பேர் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் தண்ணீர் நிரப்பிய எண்ணெய் டிரம்களைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியே வீடு கட்டினார். லடாக்கில் தண்ணீர் உறைந்து பாத்திரத்தைப் பிளந்துவிடும் என்ற பயமும் கூடவே இருக்கிறது.

ஷிம்லாவில் வேறு விதம், டில்லியில் வேண்டாம்

டில்லிவாசிகள் கோடையில் ஓடிப்போகிற ஷிம்லாவில், இமாசலப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கிக் கட்டடத்தின் தெற்குச் சுவரிலும் காற்றைச் சூடாக்கும் பலகைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அங்கே சுவரில் சூட்டைத் தேக்குவது முக்கியமில்லை. வங்கி வேலை பகலில்தான். ஆகவே சூடான காற்றை உடனுக்குடன் மாடிப்படிக் கூடத்தின் வழியாகக் கட்டடம் முழுவதும் சுற்றவிடுகிறார்கள். கனடா நாட்டில் தொழிற்சாலைகளுக்குச் சல்லடைபோலத் துளையிட்ட கருந்தகடுகளைச் சுவருக்கு மேல் சுவராகப் பொருத்துகிறார்கள். வெளிக்காற்று அந்தத் துளைகள் வழியே சூடாகிக்கொண்டே உள்ளே போகிறது.

டில்லியில் இதைச் செய்யலாமா? செய்யாமலிருப்பதே நல்லது. இங்கே குளிர் ஏழெட்டு வாரம். அதிலும் வெயில் மிகவும் வேண்டிய நாட்களில் மூடுபனி சூரியனை மறைத்துவிடுகிறது. மீதி மாதங்களில் கண்ணாடி மூடிய கருஞ்சுவர் வீட்டுக்கு ஆகாது. தெற்கே ஒரு நல்ல ஜன்னலும் அளவான சன்ஷேடும் இருந்தாலே டில்லிக் குளிருக்குப் போதும். டிசம்பரில் சூரியன் இங்கே 38 டிகிரி உயரத்தில் வருவதால் வெயில் அறைக்குள் கட்டில் வரை நீளும். ஜூனில் 85 டிகிரிக்கு ஏறிவிடுவதால் எட்டிக்கூடப் பார்க்காது. மேற்குச் சுவர்தான் டில்லி வீட்டுக்குச் சத்துரு. அந்த வகையில் தெற்கு பார்த்த வீட்டை வேண்டாம் என்றவர்கள், டிசம்பர், ஜனவரியில் கொஞ்சம் வருத்தப்படலாம். சென்னையில் ஜூன் மாதச் சூரியன் தலைக்கு வடக்கேயே போய்விடுகிறது, குளிரும் இல்லை, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

லடாக்கில் இடமிருக்கிறது. ஆனால் இப்போது அங்கேயே புதிய சிக்கல்கள். 2010 ஆகஸ்டு 6 அதிகாலையில் லேயில் மேகவெடிப்பு நேர்ந்து, சேறும் வெள்ளமும் வந்து இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மண்வீடுகள் கரைந்தன. அதன் பிறகு மண் என்றாலே பயம். சிமெண்டு வேண்டும் என்ற எண்ணம் பரவியது. பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஒற்றைச் சிமெண்டுப் பாளச் சுவர் லேயின் குளிரைத் தடுக்காது. அதற்குள் உட்கார்ந்து மறுபடியும் புகாரியைத்தான் மூட்டவேண்டும். கல் அஸ்திவாரமும் அகலமான கூரை விளிம்பும் வைத்து மண்சுவரைக் காப்பாற்றலாம் என்று சொல்கிறவர்களின் குரல் சிமெண்டு லாரிகளின் சத்தத்தில் அவ்வளவாகக் கேட்பதில்லை.

மற்றொன்று ஓட்டல்கள். சுற்றுலாக் கூட்டம் பெருகப் பெருக லே நகரில் மாடிக் கட்டடங்கள் நெருங்கி எழுகின்றன. கிராமங்களில் வயல்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நின்ற வீடுகளுக்கு ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழாது. நகரத்து மனையில் அப்படியல்ல. டிசம்பர் 22 நண்பகலில், 30 அடி உயரக் கட்டடத்தின் நிழல் லேயில் 47 அடி தூரம் வடக்கே நீளும்; காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இன்னும் அதிகம். அந்த 47 அடிக்குள் அகப்பட்ட வீட்டில் எவ்வளவு நேர்த்தியாகக் கருப்பு வர்ணம் பூசி, எத்தனை கண்ணாடி மாட்டியிருந்தாலும், அந்த வாரத்தில் அந்தச் சுவர் வெறும் சுவர்தான். தெற்குப் பக்கத்து மனை யாருடையது, அவர் எத்தனை மாடி எழுப்பப்போகிறார் என்று விசாரித்த பிறகே லேயில் விஷயம் தெரிந்தவர்கள் கண்ணாடிக்கு அளவெடுக்கிறார்கள்.